சுவக்கின் வாத்தியாரின் மரமண்டைகள்

சுவக்கின் வாத்தியார் பிரம்பை ஓங்கி அடித்ததில் கரும்பலகைதான் பிளந்தது. எதிரே இருந்த மண்டைகளில் ஒன்றும் இறங்கவில்லை. இலங்கை மலையகத்துக் கலஹாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், வேலை நேரத்திலேயே தொழிலாளருக்குத் தோட்டத்துத் துரை வைத்த எழுத்து வகுப்பு அது. ஆறு மாதமாக ஒருவரும் ஆனாவைத் தாண்டவில்லை.

"நாளைக்குத் தொரை வர்றாரு. ஒருத்தராவது வாசிக்காட்டி என் வேலை போயிரும். மாட்டுக்குச் சொல்லியிருந்தாலும் இந்நேரம் பத்திரிகை படிச்சிருக்கும்."

"படிச்சிருக்குமுங்க" என்றாள் தேயிலை சலிக்கும் இன்னாசியம்மா, வாங்குப் பலகையில் காலை நீட்டிக்கொண்டு.

"உனக்கு எதுதான் வரல்ல, சொல்லித் தொலையேன்."

"எல்லாம் வருமுங்க. மொத வாத்தியாரே சொல்லிக் குடுத்துட்டாரு. நீங்க நாலாவது ஆளு. நாங்க வாசிக்காட்டி வாத்தியாரத்தான் மாத்துவாங்க. வாசிச்சா வகுப்பையே மூடிருவாங்க. நீங்க பாவந்தான். ஆனா வேலை நேரத்துல உக்கார எங்களுக்கு வேற எடமில்லீங்க."