சத்தம். ஓடும்.

"சத்தம். ஓடும்." என் கையெழுத்துதான். அரசு வக்கீல் அந்த அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி நீதிபதியின் மேசை வரை போனார்.

லிஃப்ட்டுக்குள் தொங்கும் அட்டை அது. மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு மெக்கானிக் எழுத அதில் இரண்டு விரல் அகலம்தான் இடம். சத்தம் வருகிறது, ஆனாலும் ஓடும். வேறென்ன எழுத?

எழுதிய பதினோராம் நாள் வடம் அறுந்தது. பிரேக்கும் கைவிட்டது. உள்ளே ஒரு தபால்காரர். அவர் மனைவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் தெம்பில்லை.

சத்தம் கேட்டபோதே தெரிந்திருக்க வேண்டாமா என்று வக்கீல் கேட்டார். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்.

என் பொறுப்பில் நாற்பது லிஃப்ட், எல்லா அட்டையிலும் இதே இரண்டு வார்த்தைதான், முப்பத்தொன்பது இன்னும் ஓடுகின்றன என்று சொன்னேன்.

விழாத லிஃப்ட்டைப் பற்றி இங்கே பேச்சில்லை என்றார்.

மதியம் தீர்ப்பு. ஐந்து வருஷம் விழலாம் என்று என் வக்கீல் காதைக் கடித்தார். நான் வெளியே வரும்போது என் மகளுக்கு எட்டு வயதாகியிருக்கும். என்னை யாரென்று கேட்பாள்.

இடைவேளையில் காவலர் என்னை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார். எதிரே லிஃப்ட். நீதிபதி வந்து பொத்தானை அழுத்தினார்.

கிரீச்சென்று இறங்கி வந்தது.

கதவு திறந்ததும் உள்ளே அட்டை தெரிந்தது. என் கையெழுத்து. முப்பத்தொன்பதில் ஒன்று.

வாயைத் திறந்தால், சத்தம் என்றால் ஆபத்தென்று எனக்கு முன்பே தெரியும் என்றாகிவிடும். மூடிக்கொண்டிருந்தால், முன்வரிசையில் இன்னொருத்தி வந்து உட்காரலாம். ஓடும், ஓடும் என்று எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். முன்பெல்லாம் அந்த வார்த்தையை நம்பித்தான் எழுதினேன். இப்போது நம்ப முடியவில்லை.

நீதிபதி ஒரு காலை உள்ளே வைத்தார்.

"ஐயா, ஏறாதீங்க!"

அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

கதவு மூடியது. மேலே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அதே கிரீச்சோடு ஐந்தாம் மாடிக்கு ஏறிய லிஃப்ட், அதே கிரீச்சோடு இறங்கி வந்தது.

நான்கு பேர் சிரித்துப் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள்.