பதினேழாம் கம்பத்தின் ஆறு வாட்

தெருவிளக்கு மெக்கானிக் எந்தக் கம்பத்தின் பெட்டியையும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் திறப்பார், உள்ளே பல்லி இருந்தால் ஓடட்டும் என்று. அன்று மத்தியானமும் ஏணியில் நின்றபடி பதினேழாம் கம்பத்தின் பெட்டியைத் தட்டித் திறந்தார்.

சோலார் பேனலிலிருந்து கன்வெர்ட்டருக்குள் நாற்பது வாட் போனது. பேட்டரிக்கு நாற்பத்துநான்கு வந்தது. எப்பேர்ப்பட்ட கன்வெர்ட்டரும் வழியில் இரண்டு வாட்டைத் தின்னாமல் விடாது. முப்பத்தெட்டுதான் வர வேண்டும். மீட்டரை மாற்றினார். புதுக் கன்வெர்ட்டரைப் பொருத்தினார். அதே நாற்பத்துநான்கு. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கூத்தை அவர் கண்டதில்லை. விட மனசில்லாமல் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டார்.

"ஆமாண்ணே, ஸ்கிரீன்லயும் ஆறு வாட் கூடத்தான் காட்டுது," என்றாள் அங்கிருந்த பெண்.

"எங்கேருந்து வருதுன்னு பாரும்மா."

"இருங்க... பதினேழு சரியாயிடுச்சு. இப்ப பதினெட்டுல கூட வருது. இப்ப பத்தொன்பது. அண்ணே, நடந்துக்கிட்டே பேசுறீங்களா?"

"நான் ஏணி மேலதாம்மா நிக்கிறேன்."

மீட்டரைப் பார்த்தார். முப்பத்தெட்டு. தெருவில் வெயிலைத் தவிர ஒருவரும் இல்லை.

"இருபத்திரெண்டு... இருபத்திமூணு. அங்கேயே நின்னுடுச்சுண்ணே."

இருபத்துமூன்றாம் கம்பம் அவர் வீட்டு வாசலில் இருந்தது. அத்தனை தூரத்திலிருந்தும் இரண்டு தட்டுச் சத்தம் தெளிவாகக் கேட்டது. வாசலில் யாரும் தெரியவில்லை. கதவு திறந்தது. அவர் மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாள்.