கண்ணாடியில் தெரிந்தது

“அத்த மாட்டினா நான் தெரிவேனா மாமா?” கல்யாணமான புதிதில், கணவனின் கண்ணை மூடும் விஆர் கண்ணாடியைக் காட்டி ஷோபனா கேட்டிருந்தாள்.

“வூட்டுக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டருதான் ஒயரே இல்லாம கண்ணு முன்னாடி பெரிசா தெரியும். வேற ஒண்ணும் தெரியாது,” என்றான் கோகுலகிருஷ்ணன்.

அதிலிருந்து அவன் அந்தக் கண்ணாடியோடு வாசல் பந்தலில் வேலை பார்க்கும்போதெல்லாம், எதிரே புளியில் கொட்டை நீக்கியபடி அவனையே பார்த்திருப்பாள். அவன் தன்னைப் பார்ப்பதில்லையே என்ற ஏக்கம் மட்டும் தீரவில்லை.

இன்று தண்ணீர் எடுக்க உள்ளே போனவள் திகைத்தாள். ஜவ்வாது மலைக் காற்றில் கரண்ட் போய், கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. வெளியே அவனோ இன்னும் கண்ணாடியைக் கழற்றவில்லை.

“கரண்டே இல்ல. அதுல இன்னா பாக்குற?”

“உன்னத்தான். அன்னிக்குப் பொய் சொன்னேன். இது பேட்டரில ஓடும், இதுல வெளியில இருக்கறதும் தெரியும். கழட்டினா நீ தலைய குனிஞ்சிக்கிறியே.”

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததை ஷோபனா கேட்டே விட்டாள்.

“கழட்டிட்டுப் பாரு மாமா. குனிய மாட்டேன்.”