பச்சைக் கட்டங்கள்

பிற்பகல் வெயிலைக் கருமேகம் விழுங்கிவிட்டதால், கோட்டுச்சேரிமேட்டு மீனவர் தகவல் அறையில் கணினித் திரையின் வெளிச்சம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் மென்பொருளின் வரைபடம் அதில் விரிந்திருக்கிறது: கட்டங்கள், அவற்றை இணைக்கும் கோடுகள். மென்பொருளை எழுதியவளும் படத்தை வரைந்தவளும், திரைமுன் உட்கார்ந்திருக்கும் அறிவுமதிதான். கட்டங்கள் யாவும் பச்சையாக ஒளிர்கின்றன. காலையில் விடுத்த எச்சரிக்கையோ ஒரு படகுக்கும் போய்ச் சேரவில்லை. அவளுக்குப் பின்னால், மழையில் நனைந்த முந்தானையைப் பிழிய மறந்து அஞ்சுகம் நிற்கிறாள். அஞ்சுகத்தின் கணவர் மருதையன் கடலில் இருக்கிறார்.

"எல்லாம் பச்சையாத்தானடி இருக்கு?"

"மிஷினு ஓடுதுன்னுதான் அத்தே அதுக்கு அர்த்தம். சேதி போவுதான்னு பாக்க நான் ஒண்ணும் வைக்கல."

"படத்த மட்டும் கோலமாட்டம் போட்டு வச்சிருக்க."

அறிவுமதி வரைபடத்தை விலக்கி, செய்திகள் உண்மையில் செல்லும் தடத்தைத் திரைக்குக் கொண்டுவருகிறாள். கரையிலுள்ள வானொலி அலைக்கோபுரத்துக்குத் தான் நேராக இழுத்துவிட்ட கோட்டின் வாயிலில், எச்சரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன. அடைப்பை நீக்குகிறாள். குவியல் மெல்லக் கரைகிறது.

"இப்ப போவுதா?"

"போவுது அத்தே."

கோபுரத்தின் அலை எட்டும் தொலைவைப் படகுகள் நண்பகலிலேயே கடந்துவிட்டன. அதைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

"அப்ப நான் போயி உலை வைக்கிறேன். ஒங்க மாமா பசியோட வருவாரு" என்று அஞ்சுகம் மழைக்குள் இறங்குகிறாள்.