சஹனில் ஆறாவது ஆள்

பதுளையில் ஷுக்ரியின் வீடியோக் கடைக்குள் இருப்பவர்கள் இருவர்தாம்: ஷுக்ரியும் துணிக்கடை லத்தீப் ஹாஜியாரும். மழைப் பகலின் வெளிச்சம் கண்ணாடிக் கதவில் சாம்பலாய் நிற்கிறது. இரண்டு டெக்குகளும் மெல்ல உறுமுகின்றன. திரையில் ஹாஜியாருடைய மகளின் கல்யாண விருந்து. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் ஐந்து பேர்தான். பேச்சை முறித்துக்கொண்டு லுணுகலையில் இருக்கும் அண்ணன் ஹனீபா நானாவுக்காக, ஹாஜியார் கடைசிவரை பிடித்துவைத்த இடம் அது. பெண்கள் தனியாக இருந்ததால் அந்த வெறுமையைப் பார்க்கவில்லை; வீடு வீடாகப் போகப்போகும் இந்த நாடாவில் பார்ப்பார்கள். அதனால் நானாவை இதில் ஒட்டிச் சேர்க்க, வேறொரு கல்யாணத்தின் நாடாவை ஹாஜியார் கொண்டுவந்திருக்கிறார். அதில் நானா கோழித்துண்டைப் பிய்த்தபடி யாரையோ பார்த்துச் சிரிக்கிறார்.

“பெரியவர் அந்தக் கல்யாணத்துல சாப்பிட்டு இந்தக் கல்யாணத்துல கை கழுவுறாரு, ஹாஜியார்.”

“உன்ட வேலையப் பாரு ஷுக்ரி. நான் திரும்பிப் பாக்குற எடத்துல போடு.”

ஷுக்ரி பொத்தான்களை அழுத்துகிறான். திரையில் ஹாஜியார் வெற்றிடத்தின் பக்கம் திரும்புகிறார், நானா சிரிக்கிறார்.

“இன்னொருக்காப் போடு,” என்கிறார் ஹாஜியார், முதுகு வளையாமல்.

ஹனீபா நானா ஹாஜியார் மகளின் கல்யாணத்துக்கு வந்து தம்பியோடு ஒரே சஹனில் சாப்பிட்டதாக ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அவர் வரவில்லை.