கடைசியில் மாலை

திண்டிவனம் கடையில் இருப்பது வெறும் திரை. பேனர்களை விழுப்புரம் கிளையில் வெண்ணிலா வரைவாள். அவள் வரைவது அப்படியே இந்தத் திரையில் தெரியும். அதைப் பார்த்து முதலாளி திருமுருகன் போனில் திருத்தம் சொல்வார். நெஞ்சு வலிக்கிறது என்று அவள் சொன்னபோதும், "முடிச்சிட்டுப் போ" என்றார். அந்த நாற்காலியிலேயே செத்துப்போனாள்.

இன்று திரையில் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. திருமுருகன் விழுப்புரம் கிளைப் பையனுக்குப் போன் போட்டார்.

"யாருடா வரைஞ்சிக்கினு இருக்கறது?"

"அக்கா செத்த அன்னிக்கே கம்ப்யூட்டரக் கழட்டி வச்சிட்டமேண்ணே."

பேனரில் அவர் படம். அதிலும் இன்று காலையில்தான் அவர் பிரித்து உடுத்திய அதே புதுச்சட்டை. திரையின் ஒயரைப் பிடுங்கினார். படம் அணையவில்லை. அதன் கீழே எழுத்துகள் விழுந்தன: "முடிச்சிட்டே போறேண்ணே."

வெண்ணிலா மாலையை எப்போதும் கடைசியாகத்தான் போடுவாள். அம்புக்குறி அதைப் படத்தின் மேல் இழுத்து வந்து வைத்தது.

திருமுருகனின் கழுத்தில் பூவின் ஈரம் பட்டது.