மறைந்தவர் வந்திருக்கிறார்

"என்னைக் கொன்னது யாரு? அதை மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சாதனை மலர் மேசைமேல் பொத்தென்று விழுந்தது. மலராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். எதிரே ஓர் ஒல்லி மனிதர்.

"உட்காருங்க. நீங்க யாரு?"

"பக்கம் தொண்ணூத்தி நாலு."

மலராசிரியர் புரட்டினார். 'மறைந்தும் மறையாதவர்கள்' பகுதி. கறுப்புக் கட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்த அதே இளைஞர்தான், தலைமுடியை எங்கோ தொலைத்துவிட்டு, எதிரே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

மலராசிரியர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். இருபது வருடமாக மலர் போடுகிறார். மெய்யெழுத்தில்கூடப் பிழை விடாதவர், இப்போது உயிரிலேயே பிழை விட்டிருக்கிறார்.

"ஒரு வாரமா வீட்டுல போன் ஓயல. என் சம்சாரத்துக்கிட்ட எல்லாரும் துக்கம் விசாரிக்கிறாங்க. 'இருங்க, அவர்கிட்டயே தர்றேன்'ங்கிறா. பயந்துபோய் வச்சிடறாங்க."

"மன்னிக்கணும், எப்படி நடந்ததுன்னே..."

"இன்னும் கேளுங்க. நான் குடிநீர் ஆய்வகத்துல வேலை பார்க்கிறேன். நேத்து தலைமை அலுவலகத்துக்கு ரிப்போர்ட் கொடுக்கப் போனேன். எல்லாரும் எழுந்து நின்னாங்க. நானும் நின்னேன். ரெண்டு நிமிஷம். உட்கார்ந்தப்புறம்தான் யாருக்குன்னு பக்கத்துல கேட்டேன்."

சிரிப்பு முட்டியது. மலராசிரியர் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"உடனே ஒரு திருத்தம் போட்டுடறேன். 'தொண்ணூற்று நான்காம் பக்கத்தில் மறைந்தார் என்பதை மறையவில்லை என்று திருத்தி வாசிக்கவும்.' சரிங்களா?"

"'மறையவில்லை'ன்னா ஏதோ ஒளிஞ்சு விளையாடின மாதிரி இருக்கு."

"'இன்னும் இருக்கிறார்'?"

"இன்னும் ஏன்டா இருக்கேன்னு கேக்கற மாதிரி இருக்கு."

நல்ல வாசகர் என்று மலராசிரியர் மனதுக்குள் குறித்துக்கொண்டார்.

"திருத்தம் கிடக்கட்டும். எழுதிக் கொடுத்தது யாரு? சொல்லலேன்னா நேரா துணைவேந்தர் அறைக்குப் போறேன்."

துணைவேந்தர் என்றதும் இருமல் நிஜமாகவே வந்துவிட்டது. மலராசிரியர் கோப்பைப் பிரித்துப் பெயரைக் காட்டினார்.

"மெடலா!" ஒல்லி மனிதர் அலறினார். "அந்தப் பயலா!"

ஒல்லி மனிதருடைய வேதியியல் வகுப்பில் தங்கப் பதக்கம் வாங்கியவர். இன்று ஒரு மருந்துக் கம்பெனியின் தலைவர். வகுப்புத் தோழர்களுக்கு மட்டும் இன்றும் மெடல்தான். மலராசிரியருக்கும் அந்தக் குரல் மறக்காது. "மூணு வரி போதாது சார், முழுப் பக்கம் வேணும்" என்று நாலு நாள் தொலைபேசியில் பிய்த்து எடுத்த ஆள். தற்பெருமைக்கும் ஓர் எல்லை வேண்டாமா என்று இவரும் கறாராக மறுத்துவிட்டிருந்தார்.

"கடைசி பிராக்டிகல்ல என் பீக்கரைத் தட்டிவிட்டுத்தான் அவன் முதலிடம் வாங்கினான். தெரியாம கை பட்டுடுச்சாம்! இப்போ ஆளையே தட்டிட்டான்."

"என்ன எழுதியிருக்கார்னு படிச்சீங்களா?"

"என் சாவை நானே படிக்கணுமா? கறுப்புக் கட்டத்தைப் பார்த்ததும் மூடிட்டேன்."

"படிங்க. ஒற்றுப்பிழைகூட இல்ல."

ஒல்லி மனிதர் வேண்டாவெறுப்பாகப் படிக்க ஆரம்பித்தார்.

'முப்பத்திரண்டு வருடம் இந்த நகரத்தின் குடிநீரைத் தினமும் சோதித்தவர். சந்தேகம் என்றால் அந்தத் தொட்டியைத் திறக்க விடமாட்டார். மேலதிகாரிகள் இரண்டு முறை மிரட்டிப் பார்த்தார்கள். கையெழுத்துப் போடவில்லை. இரண்டு முறையும் பதவி உயர்வு போயிற்று. இத்தனை வருடத்தில் தண்ணீரால் இங்கே ஒரு குழந்தைகூட நோயில் படுத்ததில்லை. நாங்கள் யாரும் அவரைப் பாராட்டவும் இல்லை. வராத நோய்க்கு யார் நன்றி சொல்கிறார்கள்?'

இரண்டாம் தடவையும் படித்தார். மூக்கை உறிஞ்சினார். கொண்டுவந்த கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேடுவதுபோல் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா நான் போயிட்டேன்னு எந்தப் படுபாவி அவன்கிட்ட சொன்னானாம்? கேளுங்க."

மலராசிரியர் எண்ணை அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்.

"சார், உங்க வகுப்புத்தோழர், அந்தக் குடிநீர் ஆய்வகத்துக்காரர், உயிரோட இருக்கார்!"

"தெரியுமே," என்றது மெடலின் குரல். "தினம் காலையில அவன் தெரு வழியாத்தான் நடக்கப் போறேன். பால்கனியில நின்னு பல் விளக்குவான்."

"அப்புறம் எப்படி சார் செத்ததா எழுதினீங்க?"

"உங்களாலதான்! உயிரோட இருக்கிறவங்க அவங்க சாதனையை அவங்களே எழுதணும், அதுவும் மூணே வரின்னு விதி போட்டது நீங்க. அந்தக் கழுதை கடைசி மூணு மலருக்கும் 'குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை'ன்னு ஒரே வரி எழுதி அனுப்பினான். சரி, நான் எழுதறேன், ஒரு பக்கம் குடுங்கன்னு கேக்க வந்தா, யாருக்குன்னு சொல்லக்கூட விடாம 'செத்தவங்களுக்குத்தான் முழுப் பக்கம்'னு போனை வச்சிட்டீங்க. அவனைக் கொல்றதைத் தவிர எனக்கு வேற வழி தெரியல, சார்."